நானா தந்த வாளித் தண்ணீர்

இறால் பண்ணைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவளுக்குச் சந்தேகம் சீதனத்தோடு சேர்ந்தே வந்துவிடும். எங்கள் பக்கத்தில் ஒருவர் வாய்க்காலுக்கு வெளியேற்றும் தண்ணீரைத்தான் அடுத்தவர் மோட்டார் போட்டு இறைத்துக்கொள்கிறார். அதனால் எல்லோருக்கும் எல்லோர் மேலும் ஒரு கண். யாருடைய தொட்டியிலாவது நீர்க்காகம் கூட்டமாக இறங்கினால் போதும், அங்கே இறால் சாகிறது என்று ஊரே முடிவு கட்டிவிடும்.

அந்த வருடம் நீர்க்காகம் இறங்கியது நானா என்று நான் கூப்பிடும் என் கூடப்பிறந்த அண்ணனின் இரண்டு தொட்டிகளில் ஒன்றில். வெண்புள்ளி நோய். அந்த வைரஸ் வந்தால் சில நாட்களிலேயே தொட்டி காலி. நோய் விழுந்த தண்ணீரை அப்படியே திறந்துவிடக் கூடாது. குளோரின் போட்டு அடைத்து வைத்து, கிருமி செத்த பிறகே வாய்க்காலுக்கு விட வேண்டும். வாய்க்காலில் நானாவுக்கு அடுத்தது எங்கள் பண்ணை. புதிதாக வாங்கிய இறால் குஞ்சுகள் முற்றத்துச் சீமெந்துத் தாங்கியில் காத்திருந்தன. போன போகம் கைவிட்டிருந்தது. இதுவும் போனால் பண்ணையையே விட்டுவிடுவதென்று என் கணவர் சொல்லியிருந்தார்.

"வல்லாஹி, குளோரின் போட்டுத்தான் வெச்சிரிக்கேன்" என்றார் நானா.

எங்களில் ஒருவர் அல்லாஹ்வின் மேல் ஆணையிட்டுவிட்டால் அதற்குமேல் யாரும் கேள்வி கேட்பதில்லை. என் கணவர் கேட்டார். நானாவின் தண்ணீரைப் போத்தலில் எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கே போய்விட்டார். வைரஸின் மரபுப்பொருள் அதில் இருக்கிறது என்று பதில் வந்தது.

"பாத்தீங்களா ஒங்கட நானாட வல்லாஹிய?"

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஆய்வுக்கூடத்து மிஸ்ஸுக்கு நானே போன் எடுத்துக் கத்தினேன். அவர் பொறுமையாக விளக்கினார். குளோரின் வைரஸைச் சாகடித்துவிடும், ஆனால் செத்ததன் துண்டுகள் தண்ணீரில் கிடக்கும், இந்தச் சோதனைக்கு உயிருள்ளதும் செத்ததும் ஒன்றுதான் என்றார். மீன் பொரித்த வீட்டில் மீன் தீர்ந்த பிறகும் வாசம் இருக்கிறதே, அப்படி என்று நான் விளங்கிக்கொண்டேன். சந்தேகம் தீராவிட்டால் அந்தத் தண்ணீரில் கொஞ்சம் நல்ல குஞ்சுகளை விட்டுப் பாருங்கள், வைரஸ் உயிரோடிருந்தால் பெரும்பாலும் அவை தாங்காது என்றும் சொன்னார்.

வாளியோடு நானா வீட்டுக்குப் போனேன். விஷயத்தைக் கேட்டவர் கோபப்படவில்லை. "நீங்க பாத்து முடியிற வரைக்கும் தண்ணியத் தொறக்க மாட்டேன். இரி, தேத்தண்ணி குடி" என்று வாளியை வாங்கிக்கொண்டு போய், நிரப்பிக் கொண்டுவந்து தந்தார்.

வாளியில் குஞ்சுகளை விட்டு, காற்றுக்கு மீன்தொட்டி மெஷினும் வைத்தோம். ஒரு வாரம் தாண்டியும் அவை துறுதுறுவென்று நீந்தின. கணவரின் முகம் தெளிந்தது. "நானா விசயத்துல நான்தான் அவசரப்பட்டுட்டேன். நாளக்கி மோட்டார் போடுவம்" என்றார்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் நான் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது நானா எந்தத் தொட்டியில் மொண்டார்? நோய் விழாத தொட்டியும் பக்கத்திலேயே இருந்ததே.

"பொறுங்க. வாளியில மொண்டது நானில்ல, நானாதான். நீங்க போய், நோய் வந்த தொட்டியில ஒங்கட கையால மொண்டு வாங்க."

கணவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவரு ஒங்கட நானாவா, என்ட நானாவா?"

ஆனாலும் போய் மொண்டு வந்தார். அந்த வாளியிலும் ஒரு குஞ்சுகூடச் சாகவில்லை. அதன் பிறகே நானா தண்ணீரைத் திறந்தார், நாங்கள் இறைத்தோம். அந்தப் போகம் எங்களைக் காப்பாற்றியது.

பெருநாளன்று நானா வந்தார். என் கணவரைக் கட்டித் தழுவினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மச்சான் சந்தேகப்பட்டாரு, பரவால்ல, அவரு வெளியால இருந்து வந்தவரு. ரெண்டாவது வாளி ஒன்ட யோசனையாமே?"

"ஓம்" என்றேன்.

"நான் அல்லாஹ்ட பேரால சொன்னேன், தங்கச்சி."

நான் சாப்பாட்டை எடுத்து வைத்தேன், மன்னிப்புக் கேட்கவில்லை. குஞ்சுகள் என்னுடையவை, பண்ணை என்னுடையது. கேட்காமல் எப்படி இருப்பது? அவர் சாப்பிடாமலே போய்விட்டார்.

இப்போதெல்லாம் தண்ணீர் திறக்குமுன் ஒவ்வொரு முறையும் ஆள் அனுப்புகிறார். "தங்கச்சியே வந்து மொண்டு பாக்கட்டும்" என்பதுதான் செய்தி. நான் போகிறேன். அவர் தொட்டி வரம்பில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வருகிறது. ஆனாலும் இது சரியான தொட்டிதானா என்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் மொள்கிறேன்.