காற்று வராத நாள்

கேப்டன் தோன் ரேமிஹியோ சிகுவாய் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நான் அவரைப் புகழ்கிறேனா ஏசுகிறேனா என்று யாரும் குழம்ப வேண்டாம். இரண்டும்தான் செய்யப்போகிறேன். அவர் ஓட்டுகிற படகில் பல வருஷம் சமைத்துப் போட்டவள் நான். அவர் மகள் யாஸ்னாவுக்கு ஞானத்தாய். அதனால் அவர் எனக்கு கொம்பாத்ரே, நான் அவருக்கு கொமாத்ரே. எங்கள் தீவில் அந்த உறவு கூடப்பிறந்ததற்கும் ஒரு படி மேல். முகத்துக்கு நேரே திட்டலாம், மறுநாளே அடுப்படியில் வந்து உட்காரலாம்.

படகின் பெயர் ஊர்சுலா. இன்றும் அவர்தான் ஓட்டுகிறார், நான்தான் இறங்கிவிட்டேன். கெயோன் துறையில் எட்டுப் பயணிகளை ஏற்றிக்கொண்டு, கோர்கோவாதோ வளைகுடாவைக் கடந்து, தெற்கே தீவுகளுக்கு நடுவிலுள்ள கால்வாய்களில் புகுந்து, பனிமலை இடிந்து விழும் ஏரிவரை போய்த் திரும்ப வேண்டும். கால்வாய்களுக்குள் எப்படியும் பிழைத்துக்கொள்ளலாம், ஒதுங்க ஒரு மூலை கிடைக்கும். வளைகுடாதான் வினை. பசிபிக் அலை நேராக உள்ளே வரும். கிட்டத்தட்ட ஒரு பகல் முழுக்க ஓட வேண்டும், நடுவில் ஒதுங்க ஒரு பாறை கிடையாது.

முதல் பயணம் எப்போதும் அக்டோபரில், எங்கள் தென்கோடியில் அப்போதுதான் வசந்தம். வசந்தம் என்றதும் தலைநகர் சந்தியாகோ ஆட்கள் பூவும் வெயிலுமாக நினைத்துக்கொண்டு மெல்லிய சட்டையில் வந்து இறங்குவார்கள். எங்களுக்கோ வருஷத்திலேயே நம்ப முடியாத மாதம் அது. குளிர்காலப் புயல் சொல்லிவிட்டு வரும். வசந்தத்தில் காலையில் வெயில் அடிக்கும், சற்று நேரத்தில் ஆலங்கட்டி விழும், மதியம் மறுபடி வெயில் சிரிக்கும். தண்ணீர் மட்டும் எதற்கும் மசியாமல் குளிர்காலத்துச் சில்லிப்பிலேயே கிடக்கும். வெயிலைப் பார்த்து உடுத்துகிறவன் அதில் விழுந்தால், கை கால் மரத்து, கூப்பிடக்கூட வாய் வராது.

கொம்பாத்ரே இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க மாட்டார். துறையிலேயே ஒரு வாளி கடல்நீர் மொண்டு வைப்பார். ஏறுகிற ஒவ்வொருவரும் முழங்கைவரை கையை விட வேண்டும், அவர் போதும் என்கிறவரை எடுக்கக் கூடாது.

"கேப்டன், என் கை போயிருச்சு!" என்று அலறுவார்கள்.

"கைதான போச்சு? மிச்சம் இருக்குல்ல, அதுக்குத்தான் இந்தக் கம்பளி. வெயிலடிச்சாலும் கழட்டக் கூடாது."

ஒரு வாரப் பயணத்துக்கு இரண்டு வாரச் சாப்பாடு ஏற்றச் சொல்வார். மாவு, உருளைக்கிழங்கு, புகைபோட்ட இறைச்சி, விறகு என்று எல்லாமே இரட்டிப்பு. "போற வழியில யாருக்காவது கல்யாணமா?" என்று நான் புலம்புவேன். கடைசியாகப் பயணிகளிடம் ஒரு பேச்சு உண்டு. "திரும்புற தேதிய யாரும் எங்கிட்ட கேக்காதீங்க. விமானம், ஆபீஸ், பிறந்தநாள் எல்லாத்தையும் இங்க கரையிலேயே எறக்கி வச்சிருங்க." படகின் உரிமையாளரம்மாவுக்கு இந்தப் பேச்சைக் கேட்டாலே எரியும்.

கொம்பாத்ரேயின் அப்பா இந்த வளைகுடாவில்தான் போனார். ஒரு திருவிழாவுக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்று, வடகாற்று ஓய்ந்து வானம் வெளுத்ததுமே பாய் விரித்தார். வடகாற்று ஓய்ந்த கையோடு மேற்கிலிருந்து மேல்காற்று சுழன்று வரும், அதுதான் ஆளைக் கொல்லும் காற்று. படகின் ஒரு பலகைகூடக் கரை சேரவில்லை.

ஒரு வசந்தத்தில் வால்திவியாக்காரர் ஒருவர் வந்திருந்தார். வழியில் ஒரு குடாவில் ஒதுங்கிக் கிடந்தபோது, அவர் அம்மாவுக்கு முடியவில்லை என்று ரேடியோவில் சேதி வந்தது. வானம் பளிச்சென்று இருந்தது. மனுஷன் கெஞ்சினார், அழுதார். தோன் ரேமிஹியோ நகரவில்லை. அன்று மதியம் தாண்டி மேல்காற்று வந்து இறங்கியது பாருங்கள், படகைக் கரை மரங்களில் கட்டியிருந்த கயிறுகளில் ஒன்று அறுந்தே போனது. வளைகுடாவில் இருந்திருந்தால் நாங்கள் எல்லோரும் மீனுக்குத்தான். மற்றவர்கள் கேப்டனைக் கட்டிக்கொண்டார்கள். வால்திவியாக்காரர் மட்டும், "உங்க பொண்டாட்டியா இருந்தா போயிருப்பீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

பொண்டாட்டி என்றால் எதெல்மீரா. பருத்த உடம்பு, வாய் நிறையச் சிரிப்பு. "என் புருஷன் கல்யாணத்துக்கே ரெண்டு நாள் லேட்டு. பாதிரியார் வாசல்ல நிக்கிறார், நான் வெள்ளை கவுன்ல நிக்கிறேன், இவரு பக்கத்துத் தீவுல ஒக்காந்து மானத்தப் பாத்துக்கிட்டு இருக்காரு" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவள் சிரித்துச் சிரித்தே அந்த மனுஷனோடு குடும்பம் நடத்தினாள். நானாக இருந்தால் பாதிரியாரோடேயே ஓடியிருப்பேன்.

என் கோபத்துக்குக் காரணமான அந்த அக்டோபரில் பனிமலையெல்லாம் காட்டிவிட்டுத் திரும்பும்போது வடகாற்று பிடித்துக்கொண்டது. வளைகுடாவின் விளிம்பில், ஆளில்லாத ஒரு குடாவில் ஒதுங்கி, இரண்டு பக்கமும் மரங்களில் கயிறு கட்டிக் கிடந்தோம். இரண்டு நாள் மழை. மூன்றாம் நாள் காலை காற்று நின்றது. மேகம் கிழிந்து வெயில் விழுந்தது. சிறு படகுகள் வளைகுடாவைக் கடக்கலாம் என்று கடற்படை ரேடியோவில் அறிவித்தது. பயணிகள் கைதட்டினார்கள். அடுத்து ரேடியோவில் வந்தது யாஸ்னாவின் குரல், மீனவர் சங்கக் குடிசையிலிருந்து.

"அப்பா, அம்மாவுக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரியில சேத்திருக்கோம். டாக்டர் உங்கள சீக்கிரம் வரச் சொல்றார். கேக்குதா?"

"கேக்குதும்மா."

"இப்பக் கிளம்பினா சாயங்காலத்துக்குள்ள வந்துரலாம்ல?"

"பாக்குறேம்மா" என்றார்.

பார்த்தார். வானத்தைப் பார்த்தார், மேற்கே பார்த்தார், சுவரில் தொங்கிய பாரோமீட்டரை விரலால் தட்டிப் பார்த்தார். அது ஏறியிருந்தது, ஒரே காலையில் மளமளவென்று. மெதுவாக ஏறினால் நல்ல வானம். இப்படிப் பாய்ந்து ஏறினால் பின்னாலேயே மேல்காற்று வரும் என்பது அவர் கணக்கு. மதியத்துக்கு மேல் வற்றம் வேறு, கடல் வடியும் நேரம். வெளியே ஓடுகிற நீரும் உள்ளே வருகிற காற்றும் முட்டிக்கொண்டால் ஊர்சுலா தாங்காது. "நிக்கிறோம்" என்றார்.

பயணிகள் அறைக்குள் கூடிப் பேசினார்கள். பிறகு தோன் பாவ்லினோ முன்னால் வந்தார். தெமூக்கோ ஊர்க்காரர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனுஷர்.

"கேப்டன், எங்க எட்டு பேருக்கும் சம்மதம். கிளம்புங்க. எங்களப் பத்தி யோசிக்காதீங்க."

பின்னால் எட்டுக் கைகள் உயர்ந்தன. வரும்போது வாந்தியெடுத்தே பாதியாகிவிட்ட ஒரு வயசான அம்மாவும் கையைத் தூக்கினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கொம்பாத்ரே ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார்.

"ரொம்ப நன்றிங்க. கையக் கீழ போடுங்க. காத்து உங்க கையப் பாத்துட்டு நிக்காது."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கரண்டியைத் தரையில் எறிந்தேன். "உங்களுக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா, இல்ல அங்கயும் பாரோமீட்டர்தான் மாட்டி வச்சிருக்கீங்களா? அங்க கெடக்குறது எதெல்மீரா!"

"தெரியும், கொமாத்ரே."

"கடற்படையே போகலாம்னு சொல்லுது. இதுக்கு மேல யாரு வந்து சொல்லணும்? ஆண்டவரே தண்ணி மேல நடந்து வரணுமா?"

"அந்த வால்திவியாக்காரரோட அம்மாவுக்காக நிக்காத காத்து, என் பொண்டாட்டிக்காக நிக்குமா?" என்று கேட்டார். குரல் உயரவில்லை. கரண்டியை எடுத்துக் கழுவி என் கையில் கொடுத்தார்.

அவரை மட்டும் ஏற்றி அனுப்பலாம் என்றால் அந்தப் பருவத்தில் அந்தப் பக்கம் வேறு படகே கிடையாது. ஊர்சுலா போனால் எல்லோரும்தான் போக வேண்டும்.

மதியம் யாஸ்னா மறுபடி ரேடியோவில் வந்தாள். "அப்பா, இங்க காத்தே இல்ல. கடல் தட்டு மாதிரி கெடக்கு. கிளம்பிட்டீங்களா?"

"மதியத்துக்கு மேல மாறும்மா."

"மாறலன்னா?"

அவர் பாரோமீட்டரை மறுபடி தட்டிப் பார்த்தார். அவள் அம்மாவிடம் போகிறேன் என்று போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நாங்கள் செய்த காரியம் விசித்திரமானது. எல்லோருமே காற்றுக்காகக் காத்திருந்தோம். பயணிகள் மேல்தளத்தில் கம்பளியோடு உட்கார்ந்து மேற்கையே பார்த்தார்கள். நான் உருளைக்கிழங்கைத் தோலுரித்துக்கொண்டே, வா, வந்து தொலை என்று மனசுக்குள் கெஞ்சினேன். ஒரு சின்ன மேகம் வந்தாலும் போதும், அவர் நின்றது சரி என்றாகும், அந்த மனுஷன் பிழைத்தார். ஒரு சுழற்றல், ஒரு சீறல், கயிறு ஒரு தடவை இறுகினால் போதும். இலை அசையவில்லை. நீரில் மலை அப்படியே தலைகீழாகத் தெரிந்தது. நீர்நாய் ஒன்று மல்லாந்து படுத்து நண்டு தின்றது. அதைக் கல்லால் அடிக்கலாம்போல் இருந்தது எனக்கு.

வெயில் சாயும்போது சேதி வந்தது. யாஸ்னாவால் பேச முடியவில்லை, சங்கத்து ஆள்தான் சொன்னான். எதெல்மீரா போய்விட்டாள். கொம்பாத்ரே "சரி" என்றார். பிறகு கயிறுகளை ஒவ்வொன்றாகப் போய் இழுத்துப் பார்த்தார், காற்று வந்தால் தாங்குமா என்று. அப்போதும்!

மறுநாள் விடியலில் கிளம்பினோம். வளைகுடா முழுக்க எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. திமிங்கிலம் ஒன்று பக்கத்திலேயே மூச்சுவிட்டது, ஒருவரும் படம் எடுக்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்க யாருக்கும் தைரியமில்லை. அவர் சுக்கான் சக்கரத்தைப் பிடித்தபடி அத்தனை மணி நேரமும் உட்காராமல் நின்றார்.

துறையில் யாஸ்னா நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டாள்.

"படகுல வந்த ஆளுங்க பயந்துட்டாங்க, இல்லப்பா? அவங்க வர மாட்டேன்னுட்டாங்க. அதனாலதான உங்களால வர முடியல?"

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் எதெல்மீராவின் அக்கா வந்து ஓவென்று அழுது, மகளை இழுத்துக்கொண்டு போனாள். நானும் வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பிள்ளை பிடித்துக்கொண்டு நிற்க ஏதோ ஒன்று வேண்டியிருந்தது, அதை எதற்குப் பிடுங்க வேண்டும்?

வீட்டில் முன்னறையில் சவப்பெட்டி வைத்திருந்தார்கள். துக்கத்துக்கு வருகிறவர்களுக்குச் சோறு போடாமல் அனுப்புவது எங்களிடம் இல்லை. பெரிய அண்டாவில் கோழிச் சாறு கொதித்தது. பயணிகள் எட்டுப் பேரும் வந்தார்கள், துக்கத்துக்கு ஏற்ற துணி இல்லாமல், மஞ்சளும் ஆரஞ்சுமான மழைச்சட்டைகளிலேயே. கறுப்புத் துணிகளுக்கு நடுவே அவர்கள் வரிசையாக நின்றது பார்க்கச் சகிக்கவில்லை. யாஸ்னா ஒவ்வொருவருக்கும் கிண்ணம் கொடுத்தாள், மரியாதையாக, முகத்தைப் பார்க்காமல். தோன் பாவ்லினோ கிண்ணத்தை வாங்கவில்லை, அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மகளே, அப்பாவ தப்பா நெனைக்காத. நாங்க எட்டு பேருமே போகலாம்னுதான் சொன்னோம். கையத் தூக்கிச் சொன்னோம். கடற்படையும் வழி விட்டாங்க. அவர்தான் எங்க உயிர வச்சு வெளையாட மாட்டேன்னுட்டார். அப்பேர்ப்பட்ட மனுஷன் அவர்."

ஆறுதல் சொல்லத்தான் வந்தார், பாவி மனுஷன். யாஸ்னா கிண்ணத்தை மேஜைமேல் வைத்தாள். பெட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தாள்.

"இவங்க போகலாம்னு சொன்னாங்களாப்பா?"

"சொன்னாங்க."

"நீங்கதான் வேணாம்னீங்களா?"

"நான்தாம்மா."

"யாஸ்னா, அன்னைக்கு பாரோமீட்டர் ஏறுன வேகம்..." என்று நானே ஆரம்பித்தேன். படகில் அவரைக் கிழித்துத் தொங்கவிட்ட அதே நான்தான்.

"நீங்க சும்மா இருங்க ஞானம்மா." அவள் அப்பாவிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அம்மா கட்டில ஜன்னல் பக்கம் திருப்பிப் போடச் சொன்னாங்க. நேத்து பூரா கடலத்தான் பாத்துக்கிட்டு இருந்தாங்க. கடைசியா, 'கடல் நல்லாத்தான இருக்கு, ஏன் இன்னும் வரல'ன்னு கேட்டாங்க. ஆளுங்க பயப்படுறாங்கம்மா, அப்பா வரணும்னுதான் துடிக்கிறார்னு சொன்னேன். 'அப்பச் சரி'ன்னு கண்ண மூடிக்கிட்டாங்க. நான் எங்கம்மாவப் பொய் சொல்லி அனுப்பிட்டேன்ப்பா."

தோன் ரேமிஹியோ எழுந்தார். யாஸ்னா திரும்பி, அடுத்த ஆளுக்குக் கிண்ணம் எடுக்க அடுப்படிக்குப் போய்விட்டாள்.