என் கண்ணுக்கு அளந்த அம்மாவின் கண்ணாடி

குன்னத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் அம்மா ரவிக்கை தைக்கிறாள். நூல் கோக்க ஒரு கண்ணாடி, வாசலில் நிற்பவரை அடையாளம் காண இன்னொன்று என்று மாற்றி மாற்றிப் போட்டுச் சலித்தவள், இரண்டுக்கும் சேர்த்து ஒரே புரோகிரசிவ் கண்ணாடி கேட்டாள். கண் மருத்துவரின் சீட்டு கையில் இருந்ததால் ஆன்லைனில் ஆர்டர் செய்தேன்.

பவரோடு கருவிழிகளுக்கு இடையிலான தூரத்தையும் செயலி கேட்டது. அளவு தெரிய ஏடிஎம் கார்டை நெற்றியில் வைத்து ஒரு படம் எடுத்தால் போதும். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மாலை போட எனக்கும் ஒரு படம் ரெடி பண்றியா?"

பெரியம்மா இறந்ததிலிருந்து அவள் படம் எடுத்துக்கொள்வதில்லை. சுவரில் மாலையோடு இருக்கும் பெரியம்மாவின் முகமும் அம்மாவின் முகமும் ஒன்று போல இருக்கும். என் முகமும் அதேதான்.

"ஊரே அச்சுங்குது. உம் மூஞ்சியவே எடுத்து அனுப்புடீ."

அனுப்பினேன்.

கண்ணாடி வந்தது. லென்ஸில் வெள்ளை மையால் வரைந்திருந்த வட்டங்களை அழுக்கென்று எண்ணி முந்தானையால் துடைத்தாள். தொடக்கத்தில் தரை அசைவது போலத் தோன்றும், கழற்றாமல் போட்டால் பழகிவிடும் என்றது உடன் வந்த குறிப்பு. அம்மா அதற்கு அப்படியே கட்டுப்பட்டாள்.

தரை அசைந்தது. ஆனால் பழகவில்லை. சமதளமான முற்றத்தில் படி ஏறுபவளைப் போலக் காலைத் தூக்கி வைத்தாள். கத்தரிக்கோலை எடுக்க நீட்டிய கை, அதற்குச் சற்றுத் தள்ளி வெறும் மேசையில் பதிந்தது. ஒரு பிற்பகல், தைத்துக்கொண்டிருந்த இயந்திரம் நின்றது. வாசலைப் பார்க்காமலேயே கேட்டாள்:

"யாரு அது?"

யாரும் இல்லை.

"ஓரமா ஒருத்தி நீண்டுகிட்டே போறா பாரு. திரும்புனா இல்ல."

நான் வெளியே போய்ப் பார்த்தேன். கொடியில் ஒரு புடவை காய்ந்துகொண்டிருந்தது. காற்று இல்லை. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.

"கண்ணாடிய கழட்டும்மா."

"கழட்டுனாலும் ஆடுது. அக்காவுக்கும் தரை ஆடுதுன்னுதான் ஆரம்பிச்சுது."

பெரியம்மாவுக்கு மூளையில் கட்டி. மறுநாள் அம்மா, தைக்க வாங்கியிருந்த துணிகளையெல்லாம் வெட்டாமலே மடித்து, ஒவ்வொரு வீடாகத் திருப்பிக் கொடுத்து வந்தாள்.

அவளை அரியலூருக்கு, என் கல்லூரிக்குப் பக்கத்திலிருந்த கண்ணாடிக் கடைக்கு அழைத்துப் போனேன். கடைக்காரர் லென்ஸை வெளிச்சத்தில் சாய்த்து, அதில் பொறித்திருந்த நுண்ணிய அடையாளங்களைக் கண்டுபிடித்து, பார்வை விழ வேண்டிய இடங்களில் மையால் சிலுவைக்குறி போட்டார். அம்மாவுக்கு அணிவித்தபோது இரண்டு குறிகளும் கருவிழிகளை விட்டு மூக்கை ஒட்டிக் கீழே நின்றன.

"இது யாரு முகத்துக்கு அளந்ததுங்க?"

அம்மா என்னைக் காட்டினாள். அவர் கண்ணாடியை எனக்கு மாட்டினார். கலங்கலாகத் தெரிந்த நிலைக்கண்ணாடியில் என் முகத்தை நெருங்கிப் பார்த்தேன். இரண்டு சிலுவைகளும் என் கருவிழிகளின் நடுவில் இருந்தன.

"பொண்ணுக்குக் கச்சிதமா இருக்கு" என்று சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. "அப்ப என் தலையில ஒண்ணும் இல்லீங்களா?"

"அது எனக்குத் தெரியாதுங்கம்மா. அடுத்தவங்க அளவுல போட்டா யாருக்கும் தரை ஆடத்தான் செய்யும். ஒரு வாரம் போடாம இருங்க. அப்பவும் ஆடுனா டாக்டர்கிட்ட போயிடுங்க."

அந்த வாரம் இரவிலும் நான் அவளுடைய காலடிகளையே கேட்டுக்கொண்டிருந்தேன். வாரம் முடிவதற்குள் தரை நின்றுவிட்டது. கொடுத்த துணிகளைக் கேட்டு வாங்க அவளே தெருவில் இறங்கினாள்.

அளவெடுக்க மறுபடி அரியலூர் போனோம். புதுக் கண்ணாடிச் சட்டத்தை மாட்டி, நேரே பார்க்கச் சொன்னார் கடைக்காரர். அந்நியரின் முகத்தை உற்றுப் பார்க்கக் கூசி, அவர் தோளுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தாள். அவ்வளவு நேரம் அவளை நேருக்கு நேர் நான் பார்த்ததே இல்லை. கண்கள் நான் நினைத்திருந்ததைவிட அகன்று இருந்தன. புருவம் வேறு, இமையின் மடிப்பு வேறு. பார்க்கப் பார்க்க, எனக்குத் தெரியாத ஒரு பெண் அங்கே உட்கார்ந்திருந்தாள்.

"சிமிட்டாதீங்கம்மா" என்றார் அவர்.

அவள் சிமிட்டவில்லை.