ஸ்டியரிங்கில் ஒட்டிய பொத்தான்

எங்கள் பழைய காரில் போனில் உள்ள பாட்டுகளைக் கேட்க வேண்டும் என்று, அருப்புக்கோட்டையில் மலிவான புளூடூத் கருவி ஒன்றை வாங்கி ஸ்டீரியோவில் மாட்டினேன். அதோடு வந்த பொத்தானை ஸ்டியரிங்கில் ஒட்டினேன். அழுத்தினால் பாட்டு மாறும்.

மறுநாள் மனைவியோடு திருச்சுழிக்குப் புறப்பட்டேன். அவள் கழுத்துக் கட்டியிலிருந்து சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவை வாங்க மதுரைக்குப் போயிருந்த தம்பியிடம், "எதுன்னாலும் எனக்கு மட்டும் சொல்லுடா" என்று சொல்லி வைத்திருந்தேன்.

இருபுறமும் கருவேலங்காடு. வழியில் ஆளரவமே இல்லை. திடீரென்று பாட்டு நின்றது. கருவி மக்கர் செய்கிறது என்று நினைத்துப் பொத்தானை அழுத்தினேன். போனுக்கு வந்த அழைப்பை அது எடுத்துவிட்டது. கார் முழுக்கத் தம்பியின் குரல் கேட்டது.

"அண்ணே, ரிப்போர்ட்டு வந்துருச்சு. மதினிக்குப் புத்துநோய்தானாம். அவுககிட்ட இப்பச் சொல்லிராதீக."

எதை அழுத்தினால் குரல் நிற்கும் என்று தெரியவில்லை. காரை ஓரங்கட்டினேன்.

அவள் கழுத்தைத் தொட்டுக்கொண்டே, "நான்தான் பேசுறேன் தம்பி. டாக்டர் என்ன சொன்னாக? ஒண்ணுவிடாமச் சொல்லுங்க" என்றாள்.

தம்பி அழுதுகொண்டே சொன்னான். அவள் அழவில்லை. கேட்டு முடித்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"என் உடம்புல இருக்கறத எனக்குத் தெரியாம எத்தன நாளைக்கு வச்சிருந்திருப்பீக?"



சிகிச்சை இன்னும் நடக்கிறது. அவள் பயந்துவிடுவாள் என்று சொல்லித்தான் மறைக்கப் பார்த்தேன். பயந்தவன் நான்தான் என்று ஒத்துக்கொள்ள எனக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.