பேர்லினில் பன்னிரண்டு மணிச் சாப்பாடு

நான் படித்தது ஏழாம் வகுப்பு மட்டும்தான். ஆனால் சாப்பாட்டுக் கடை விஷயத்தில் எனக்குப் படிப்பிக்க இன்னும் ஒருவர் பிறக்கவில்லை. ரொறன்ரோவுக்கு வந்த நாலாம் நாள் ஒரு கிரேக்கரின் உணவகத்தில் கோப்பை கழுவத் தொடங்கினேன். பிறகு வெங்காயம் வெட்டினேன், பிறகு அடுப்புக்கு ஏறினேன். இன்றைக்கு ஸ்காபரோவில் சொந்தமாக, சாப்பாடு கட்டிக் கொடுக்கிற ஒரு ரேக்கவுட் கடை வைத்திருக்கிறேன். டோர்செட் பார்க்கிலிருந்து ஒஷாவா வரைக்கும் எங்கள் ரோல்ஸ் போகாத பிறந்தநாள் விழா குறைவு. ஒரு கடையின் வாசலில் நின்று மூச்சை இழுத்தேன் என்றால், சட்டியில் கொதிக்கிற எண்ணெய் எத்தனை நாள் எண்ணெய் என்று சொல்லிவிடுவேன். பெருமை அடிக்கிறேன் என்று நினைப்பவர்கள் கடைக்கு வந்து சோதித்துப் பார்க்கலாம்.

ஆனால் அந்த ரோல்ஸை உருட்டியது என்னுடைய கை அல்ல, மனைவியின் கை. இருபது வருடத்துக்கு மேலாக விடியற்காலையில் எழும்பி மாப் பிசைந்து உருட்டிய கை. போன மாரியில் அவளுடைய வலது மணிக்கட்டு மரத்துப்போய், தேநீர்க் கோப்பையைக்கூடப் பிடிக்க முடியாமல் கீழே போட்டாள். சத்திரசிகிச்சை நடந்தது. பிசையக்கூடாது, உருட்டக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது என்று டொக்டர் சொன்னார். கடைக்கு வேறு ஆள் போட்டேன். வீட்டுக்கு எப்படி ஆள் போடுவது? நான் கடையில் நிற்கிற நேரம் பார்த்து ஒளித்துச் சமைத்தாள். மகள்தான் கோபப்பட்டு, "அப்பா, அம்மாவைக் கிச்சின் இல்லாத இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்று சொல்லி, வைகாசியில் பேர்லினுக்கு ஒரு கிழமைக்கு ரிக்கெற்றும் ஹொட்டேல் அறையும் எடுத்துத் தந்தாள்.

மனைவி ஒரு நிபந்தனை வைத்தாள்.

"போறதெண்டால் சொந்தக்காரர் ஆற்றை வீட்டுக்கும் போறேல்லை. சொல்லிப்போட்டன்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. எங்கள் ஆட்களுக்குப் பயணம் என்றால் சொந்தக்காரர் வீடு. லண்டனுக்குப் போனோம், பாரிசுக்குப் போனோம், ஒஸ்லோவுக்கும் போனோம். எங்கே போனாலும் பெட்டியை வைத்து ஒரு மணித்தியாலத்துக்குள் அவள் அந்த வீட்டு அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டு நிற்பாள். இன்னொருத்தி சமைக்கத் தான் சும்மா இருப்பது அவளால் முடியாத காரியம். பாரிஸ் எப்படி என்று கேட்டால், அந்த வீட்டுக் கழுவும் தொட்டி சின்னது என்றுதான் சொல்லுவாள்.

பேர்லினில் என் சித்தப்பாவின் மகன் இருக்கிறார். அவருக்கு நாங்கள் மூச்சு விடவில்லை. "ஒரு நாளும் பிழையான சாப்பாடு இல்லை, அநியாய விலையும் இல்லை, எல்லாம் நான் தேடித் தருவன்" என்று விமானத்தில் வைத்து வாக்குக் கொடுத்தேன். "பாப்பம்" என்று மட்டும் சொன்னாள்.

முதல் நாளே வழுக்கி விழுந்தேன்.

காலைச் சாப்பாடு ஹொட்டேல் காசோடு சேர்ந்தது. சேர்ந்ததை விட்டுவைக்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை. பத்து மணி வரைக்கும் இருந்து பாணும் முட்டையும் சீஸும் சாப்பிட்டோம். பிறகு பசி வரும்போது மூன்று மணி. வீட்டிலும் எங்கள் மத்தியானச் சாப்பாடு மூன்று மணிக்குத்தான். கடைக்காரன் ஊரார் சாப்பிட்டு முடித்த பிறகுதானே கை கழுவுவான். பேர்லினில் மூன்று மணிக்கு நல்ல கடையாகத் தெரிந்ததற்குள் போனால், அடுப்பு அணைத்தாகிவிட்டது, ஐந்தரைக்கு வாருங்கள் என்கிறார்கள். இன்னொன்றிலும் அதே கதை. நடந்து நடந்து கால் உளைந்து, ஆறு மணிக்கு, சுற்றுலாக்காரர் குவிகிற ஒரு சதுக்கத்தில், படம் போட்ட மெனு வைத்திருந்த கடையில் இருந்தோம். படம் போட்ட மெனுவை நம்பக்கூடாது என்று எனக்குத் தெரியும். பசி என் அனுபவத்தைத் தின்றுவிட்டது. வந்த சாப்பாட்டின் நடுப்பகுதி குளிர்ந்து கிடந்தது. விலையோ என் கடையில் ஒரு குடும்பமே சாப்பிடுகிற விலை.

இரண்டாம் நாள் செவ்வாய்க்கிழமை. செவ்வாயும் வெள்ளியும் அவள் மச்சம் தொடமாட்டாள், மரக்கறிதான். அன்றைக்கும் பகல் அடுப்புகளைத் தவறவிட்டு, பின்னேரம் உருளைக்கிழங்கு சூப் என்று பார்த்து வாங்கிக் கொடுத்தேன். இரண்டு கரண்டி குடித்தாள். மூன்றாவது கரண்டியில் சொசேஜ் துண்டு வந்தது. கரண்டியை வைத்துவிட்டு, பாணில் வெண்ணெய் பூசித் தின்றாள். பூசியதும் இடக்கையால்.

அறைக்கு வந்து கட்டிலில் இருந்து மணிக்கட்டைத் தடவிக்கொண்டு சொன்னாள்:

"உங்கடை சித்தப்பாவின்ரை மோனுக்கு ஒருக்காப் போன் அடிச்சுப் பாருங்கோ."

"ஏன், என்ன?"

"சோறு தின்ன வேணும் போலை கிடக்கு."

"அங்கை போனால் நீர் அடுப்படியிலை நிப்பீர்."

"நிண்டால் என்ன. இடக்கையாலை கிண்டுவன்."

மகள் இவ்வளவு செலவழித்து அனுப்பியது இன்னொரு அடுப்படிக்கா? "நாளைக்கு ஒரு நாள் தாரும். சரிவராட்டி நானே போன் அடிக்கிறன்" என்றேன். அவள் தலையாட்டினாள்.

மறுநாள் காலையில் எனக்குப் புத்தி வந்தது. நான் எந்த வழியால் முன்னுக்கு வந்தவன்? பின்கதவால். பிறகேன் முன்வாசலில் நின்று மெனு பார்க்கிறேன்? ஒரு கடையின் யோக்கியதை பின்னுக்கு அடுக்கியிருக்கிற பெட்டியில் தெரியும். மரக்கறிப் பெட்டி அதிகமா, உறையவைத்த சாமான் வந்த மட்டைப்பெட்டியா? குப்பைத் தொட்டியின் மூடி கழுவியிருக்கிறதா? மனைவியைக் கூட்டிக்கொண்டு பின்சந்துகளில் இறங்கினேன்.

"சனம் பேர்லின் பாக்க வருகுது. நான் குப்பைத் தொட்டி பாக்க வந்திருக்கிறன்" என்றாள்.

"பொறுமையா வாரும்."

ஐந்தாவதோ ஆறாவதோ பின்கதவில், கவிழ்த்த வாளியில் ஒருவர் இருந்து சிகரெட் பிடித்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். முழங்கை வரைக்கும் மா. கடை இத்தாலியக் கடை. முகம் எங்கள் முகம்.

"தமிழோ?" என்று கேட்டேன்.

அவர் எழும்பி நின்றார். "ஓம் அண்ணை. கனடாவோ?"

"எப்படித் தெரியும்?"

"தொப்பியிலை மேப்பிள் இலை கிடக்குது. வைகாசி வெய்யிலுக்கை ஜக்கெற்றும் போட்டிருக்கிறியள்." சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்கு வந்தார். "ஊரிலை எவடம்?"

மனைவி என் முதுகில் கிள்ளினாள். கிள்ளியது சரி. எங்கள் ஆட்கள் சந்தித்தால் இரண்டாம் கேள்வியில் ஊர் வரும், நாலாம் கேள்வியில் உறவு வந்துவிடும். பின்னேரம் சித்தப்பாவின் மகன் வான் வண்டியைக் கொண்டுவந்து ஹொட்டேல் வாசலில் நிறுத்துவார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஊரின் பேரை விழுங்கினேன்.

"யாழ்ப்பாணம்தான் தம்பி."

"யாழ்ப்பாணம் பெரிசு அண்ணை."

"நாங்களும் பெரிய ஆக்கள்தான்."

அவர் என்னையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். "சரி, விளங்குது. ஒளிச்சு வந்திருக்கிறியள். நான் கேக்கேல்லை" என்றார். நல்ல சாப்பாடு கிடைக்காமல் அலைகிறோம் என்று சொன்னதுதான் தாமதம், சிகரெட்டை அணைத்துவிட்டார்.

"ஏன் அண்ணை கடை கடையாத் திரியிறியள்? வீட்டை வாங்கோ. மனிசி ஆறு மணிக்கு வேலையாலை வந்திடுவா. புட்டும் கணவாய்க் கறியும் வைக்கச் சொல்லுறன்."

புட்டு என்ற சொல்லுக்கு என் வயிறு உடனே ஓம் சொன்னது. வாய் திறப்பதற்குள் மனைவி முன்னுக்கு வந்தாள்.

"தம்பி, உங்கடை மனிசி என்ன வேலை செய்யிறா?"

"ஹொட்டேலிலை அறை கிளீனிங், அக்கா."

"நாள் முழுக்கக் கட்டில் விரிச்சுப்போட்டு வந்து எங்களுக்குப் புட்டு அவிக்க வேணுமோ? நான் ஒரு கிழமை சட்டி தொடாமலிருக்கக் கடல் தாண்டி வந்தனான். எனக்காக இன்னொருத்தி தொட வேண்டாம். நீங்கள் கேட்டதே சாப்பிட்ட மாதிரி."

அவர் மாவுக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு என்னைக் கேட்டார். "அண்ணை, நீங்கள் மத்தியானம் எத்தினை மணிக்குச் சாப்பிடப் போறனீங்கள்?"

"மூண்டு மணி."

"அங்கைதான் பிழை. இஞ்சை பன்னிரண்டுக்கும் ரெண்டுக்கும் இடையிலை சாப்பிட வேணும். வாசலிலை கரும்பலகையிலை சோக்காலை எழுதியிருப்பாங்கள். அண்டைக்குக் காலமை வாங்கின சாமான், அண்டைக்கே சமைச்சது. இரவு விலையிலை அரைவாசிதான். நாங்களெல்லாம் உப்பிடித்தான் தின்னுறது. இரவைக்கு ஒரு சூப்போடை படுங்கோ."

உள்ளே போய் பீட்சா மட்டைப்பெட்டி ஒன்றின் மூடியைக் கிழித்துக்கொண்டு வந்தார். அதில் ஐந்து இடங்களை எழுதினார். எந்த ரெயிலில் ஏறுவது, எங்கே இறங்குவது, மச்சமில்லாதது எங்கே கிடைக்கும் எல்லாம் இருந்தது.

எனக்கு வெட்கமாகவும் இருந்தது. என் சொந்தக் கடைக் கண்ணாடியில், "லஞ்ச் ஸ்பெஷல், பதினொன்று முதல் இரண்டு வரை" என்று என் கையெழுத்திலேயே எழுதிய பலகை எத்தனையோ வருடமாகத் தொங்குகிறது. அந்த நேரத்துக்கு வருகிறவன்தான் கெட்டிக்காரன் என்று நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். பலகைக்கு உள்பக்கத்தில் நின்று பழகியவனுக்கு வெளிப்பக்கம் தெரியவில்லை. இருந்தாலும் அந்தப் பின்கதவைக் கண்டுபிடித்தது நான்தான். அதை மறக்கக்கூடாது.

அன்றைக்கு அதற்குள் இரண்டு மணி தாண்டிவிட்டதால் அவர் சொன்னபடி ஒரு சூப்போடு படுத்தோம். வியாழக்கிழமை ஹொட்டேலில் ஒரு கோப்பியோடு எழும்பிவிட்டோம். பன்னிரண்டு மணிக்கு மட்டையில் இருந்த முதலாவது இடம். அது ஒரு அரசாங்கக் கட்டடத்துக்குள் உத்தியோகத்தர்களுக்காக நடத்துகிற சாப்பாட்டுச் சாலை. வெளியாரும் போகலாம். சோக்குப் பலகையில் இருந்ததைக் கையால் காட்டினேன். கீரை மசியல், அவித்த உருளைக்கிழங்கு, இரண்டு முட்டைப்பொரியல். ஆவி பறந்தது. கீரை அன்றைக்கு அரிந்த கீரை. என் மூக்கு பொய் சொல்லாது.

அவள் கோப்பையை வழித்துச் சாப்பிட்டாள். வழித்து முடித்துக் கதிரையில் சாய்ந்தாள். என் நெஞ்சில் மூன்று நாளாகக் கிடந்த கல் அப்போதுதான் இறங்கியது.

அந்தச் சாலையில் ஒரு வழக்கம். சாப்பிட்டவர் தன் தட்டத்தைத் தானே கொண்டுபோய்க் கழுவுமிடத்தில் வைக்க வேண்டும். சுற்றிலும் எல்லோரும் எழும்பிப் போவதைப் பார்த்து அவளும் எழும்பி, இரண்டு தட்டத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினாள்.

"வையும் கீழை" என்றேன்.

"எல்லாரும் தூக்கினம்."

"நான் கோப்பை கழுவிக் கடை போட்டவன். எனக்குத் தட்டம் தூக்கத் தெரியாதோ? இரும்."

இருந்தாள். நான் இரண்டு தட்டத்தையும் ஒரே கையில் தூக்கிக்கொண்டு போனேன், அந்தக் காலத்தில் எட்டுக் கோப்பை தூக்கிய மாதிரி. திரும்பிப் பார்த்தபோது, கையை மடியில் வைத்துக்கொண்டு யன்னலால் பேர்லினைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை துருக்கிக்காரர் கடையில் பருப்பு சூப். "இது எங்கடை பருப்புத்தான், தேசிக்காய்ப்புளி விட்டிருக்கு" என்று இரண்டாவது கோப்பையும் கேட்டாள். சனிக்கிழமை ஒரு சின்னக் கடையில் அஸ்பரகஸ் என்கிற வெள்ளைத் தண்டு, வெண்ணெய் விட்டது. முருங்கைக்காயை உரித்துச் சக்கையில்லாமல் செய்தது போல இருந்தது. சித்தப்பாவின் மகனுக்கு நான் போன் அடிக்கவே இல்லை.

கனடாவுக்கு வந்து மூன்று கிழமைக்குப் பிறகு அவரே போன் அடித்தார். பேர்லின் கோயிலில் யாரோ கதைத்திருக்கிறார்கள்.

"அண்ணை, இஞ்சை வந்திட்டு ஒளிச்சுத் திரிஞ்சியளாம். எங்கடை வீடு என்ன காடோ?"

மனைவி போனை வாங்கினாள். வலக்கையால் வாங்கினாள், அதைக் கவனித்தேன்.

"ஓம் தம்பி, வந்தனாங்கள். அடுத்தமுறை சொல்லிப்போட்டு வாறம். ஆனால் வீட்டுக்கு வேண்டாம். பன்னிரண்டு மணிக்கு வெளியிலை சாப்பிடுவம். உங்கடை மனிசியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

இரண்டு பக்கமும் போன் ஸ்பீக்கரில் கிடந்தது. அவருடைய மனைவியின் குரல் பின்னுக்கிருந்து கேட்டது.

"அக்கா, நான் பதினொண்டுக்கே வந்து நிப்பன்."