சாம்பிராணி காட்டிய பெட்டி

மயிலாப்பூரில் காப்பிக்கொட்டை வறுத்தே மூன்று மாடி கட்டியவன் நான். படிப்பு ஐந்தாம் வகுப்புதான். அப்படிப்பட்ட என்னையே பக்கத்து வீட்டு மாமா கலங்கடித்துவிட்டார். "புகையில மூச்சு முட்டறது. இது நிக்கலேன்னா புகார் குடுத்துக் கடையை மூட வெச்சுடுவேன்" என்றார்.

அப்போதுதான் புகைக்கு வழி பண்ண ஒரு பெண்ணை வரவழைத்தேன். கே.கே. நகரில் சின்னப் பட்டறை, காதோரம் நரை, தோள்பையில் துருத்தும் ஸ்க்ரூடிரைவர். எதையும் பேனாவால்தான் எழுதுவார், அடித்தல் திருத்தல் கிடையாது. தானே செய்த வடிகட்டியைப் புகைக்குழாயில் மாட்டி, புகை அளக்கும் பெட்டியைச் சுவரில் பொருத்தினார்.

புது மெஷின் வந்தால் சும்மா விடுவேனா? பெட்டிக்குப் பொட்டு வைத்துச் சாம்பிராணி காட்டினேன். எண் எகிறியது.

"இன்னாம்மா, உன் பில்டர் வேலை செய்யலியே?"

"இன்னும் வறுக்கவே இல்லியே ஐயா. இது உங்க சாம்பிராணி." அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

சாம்பிராணி கலைந்ததும் வறுத்தோம். எண் அசையவே இல்லை. எனக்குக் குதிக்கலாம் போலிருந்தது.

"அந்த மொதப் பக்கத்தக் கிழிச்சிடும்மா. மாமா பாத்தா கடை போயிடும்."

"அந்த எண் வந்துது, எழுதினேன். கிழிக்க இன்னா கீது?" என்று நோட்டை நேராக மாமாவிடமே நீட்டினார்.

மாமா விவரம் கேட்டுப் படித்தார். "சாம்பிராணியா? எங்காத்துலயும் வெள்ளிக்கிழமை இதே கூத்துதான்" என்று சிரித்தார். புகார் பேச்சு அதோடு நின்றது.

நானாக இருந்தால் அந்தப் பக்கத்தை மென்று விழுங்கியிருப்பேன். தன் பிழைப்பும் போயிருக்குமே, அந்த அம்மா எப்படி அதை அப்படியே நீட்டினார்?