எதிர்க்கடை மலரும் வேலூர் மேடமும்

ஜாக்கெட் தைக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை: சரியாக அமைந்தால் யாரும் திரும்பி வந்து சொல்ல மாட்டார்கள், அமையாவிட்டால் தெருவையே கூட்டிக்கொண்டு வருவார்கள்.

எதிரில் ஒரு போர்டு

காவலூரில் எட்டு வருஷமாக லேடீஸ் டெய்லர் என்றால் நான் ஒருத்திதான். போன தை மாசம் எதிர்வரிசையில் மலர் கடை போட்டாள். போர்டிலேயே 'திருப்பூர் அனுபவம்' என்று எழுதியிருந்தது. மோட்டார் மெஷின் வேறு. நான் இன்னும் காலால் மிதிக்கிறவள். ஒரு வாரம் கழித்து, என்னிடமே தைத்துக்கொண்டிருந்த குப்பம்மா துணிப்பையை முந்தானையில் மறைத்தபடி எதிர்ப்பக்கம் போனார். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் நின்று சொன்னார்: "உன்கிட்ட குறை ஒண்ணுமில்லம்மா. அங்க இன்னா புதுசா தெக்கிறாங்கன்னு பாத்துட்டு வர்றேன்."

இரண்டும் இடது கை

விடுவேனா? வேலூரில் தையல் வகுப்பு எடுக்கும் ஒரு மேடத்தின் வீடியோக்களை போனில் பார்த்துப் பழகினேன். அவர் வெட்டுகிற வேகத்துக்குக் கண் சிமிட்ட முடியாது. அவரைப் போல ஆகிவிட வேண்டும் என்ற வெறியில், ஒரு கல்யாணப் பெண்ணின் பட்டு ஜாக்கெட் துணியை மளமளவென்று வெட்டிப் போட்டேன்.

தைக்க உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, வெட்டின கை இரண்டுமே இடது கை. ஜரிகைப் பட்டைத் திருப்பிப் போடவும் முடியாது, மிச்சத் துணியும் இல்லை. கல்யாணத்துக்கு ஆறே நாள். பெண்ணை வரச்சொல்லி உள்ளதைச் சொன்னேன். துணியை மடித்து என்னிடமே நீட்டினாள். "உங்களுக்குக் கத்துக்குடுத்தவங்களையே போய்க் கேளுங்கக்கா. எங்கம்மாகிட்ட நான் இன்னும் சொல்லல."

வேலூர் மாடி

மறுநாள் காலையில் பஸ் மாறி மாறி வேலூர் போய், வீடியோவில் போட்டிருந்த விலாசத்தைத் தேடி மாடி ஏறினேன். மேடம் தரையில் உட்கார்ந்து ஒரு ஜாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். எதிரில் ஓர் அம்மா, கை ஏறவே இல்லை என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். மேடம் "சரி பண்ணித் தர்றேங்க, சரி பண்ணித் தர்றேங்க" என்று கெஞ்சினார். அந்த அம்மா போனதும் என் பட்டைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. பீரோவிலிருந்து தங்கக்கலர் நெட் துணியை எடுத்தார். "கையை இதுல வெச்சிடு. பட்டு பார்டரை மட்டும் ஓரத்துல குடு" என்றார். எனக்கு உயிர் வந்தது. "வீடியோவுல உங்க கை நடுங்கவே மாட்டேங்குதே மேடம்?" என்று கேட்டேன். "நடுங்குற இடத்தயெல்லாம் வெட்டிட்டுத்தாம்மா போடுறேன்."

மலர் தெருவைக் கடந்தாள்

கல்யாணத்துக்கு முதல் நாள் ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்தாள் பெண். ஒரு சுருக்கம் இல்லை. அந்த வாரமே மலர் என் கடைக்குள் வந்து நின்றாள். கல்யாணத்தில் பார்த்த அந்த நெட் கையை எப்படி ஏற்றினேன் என்று சொல்லித் தரவேண்டுமாம். "திருப்பூர்ல தெச்சவளாச்சே நீ!" என்றேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அங்க கம்பெனியில ஆறு வருஷமும் சட்டை காலர் மட்டும்தாங்க்கா தெச்சேன். ஜாக்கெட்டுக்குத்தான் காலரே இல்லியே."

நான் பயந்தவளும் சரி, நான் கும்பிட்டவரும் சரி, என்னைப் போலவே பிரித்துப் பிரித்துத் தைக்கிறவர்கள்தான் என்று தெரிந்த பிறகு, நானும் டெய்லர்தான் போலிருக்கிறது என்று ஒருவழியாக ஒப்புக்கொண்டேன்.