ஊசி நிறைய நாற்பது

இரண்டாயிரத்து ஏழோ எட்டோ இருக்கும். தவளக்குப்பத்தில் குடியிருந்தோம். புதுச்சேரி டவுனில் ஒரு பிரவுசிங் சென்டரில் எனக்கு வேலை. மனைவிக்கு ஏழாம் மாதம். கர்ப்பத்தில் சர்க்கரை ஏறிவிட்டதால், சாப்பாட்டுக்கு முன்னால் நாலு யூனிட் இன்சுலின் போடச் சொல்லியிருந்தார் கதிர்காமத்து டாக்டர். டெஸ்டில் சர்க்கரை கூடுதலாக இருந்தால் அதோடு ஒன்றோ இரண்டோ சேர்க்க வேண்டும்.

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். கேஸை மூடினோமா என்று படுத்த பிறகும் எழுந்து எழுந்து பார்க்கிற ஆள். நாலும் ரெண்டும் ஆறு என்று தெரிந்தாலும், ஊசியைக் கையில் எடுத்தால் சந்தேகம் வந்துவிடும். சென்டருக்கு வரும் ஒரு கல்லூரிப் பெண் எனக்குப் பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழியைக் கொஞ்சம் சொல்லிக்கொடுத்திருந்தார். அதை வைத்து, இரண்டு எண்களைக் கேட்டுக் கூட்டிச் சொல்ல ஒரு குட்டி புரோகிராம் எழுதி வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தேன். அது சொன்ன பிறகுதான் மருந்தை உறிஞ்சுவேன்.

ஒருநாள் அந்தப் பெண், “புரோகிராம்ல நம்பர் கேக்குற இடத்துல இன்புட்னு எழுதாதீங்கண்ணா, ஆபத்து. ரா இன்புட்னு மாத்திடுங்க” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடிவிட்டார். ஆபத்து என்ற ஒரு வார்த்தை போதாதா எனக்கு? மதியம் வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக மாற்றினேன். அன்றைக்குச் சர்க்கரை சரியாகத்தான் இருந்தது. நாலு, கூடுதல் சைபர் என்று தட்டினேன். எர்ரர் எதுவும் வரவில்லை. அப்பாடா என்றிருந்தது. திரையில் நாற்பது என்று இருந்ததைக் கண் படித்தது, கை செய்தது. புத்தி எங்கே போயிருந்ததோ!

மனைவி சிரிஞ்சைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள்.

“இன்னா மாமா, முழுசா ரொப்பிட்டு வர்ற? நேத்து அடியில கொஞ்சூண்டுதானே இருந்துச்சு?”

“கம்ப்யூட்டர் நாப்பதுன்னு சொல்லுதும்மா.”

“அப்ப அதுக்கே போட்டு வுடு.”

நாலு போட வேண்டிய இடத்தில் நாற்பது, போட்டிருந்தால் உயிரே போயிருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள்தான் சிரிஞ்சை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

மறுநாள் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். “ஐயோ, அதை நம்பரா மாத்தணும்னு சொல்லாம போயிட்டேனேண்ணா!” என்று வாயைப் பொத்திக்கொண்டார். ரா இன்புட் வாங்குவதெல்லாம் அதற்கு எழுத்துதானாம். எழுத்தைக் கூட்டத் தெரியாது, பக்கத்தில் ஒட்டத்தான் தெரியும். நாலுக்குப் பக்கத்தில் சைபரை ஒட்டி நாற்பது ஆக்கியிருக்கிறது. அதைச் சத்தமில்லாமல் செய்திருக்கிறது, அதுதான் என்னை இன்னும் உலுக்குகிறது.

மகள் நல்லபடியாகப் பிறந்தாள். எதற்கெடுத்தாலும் பயப்படுகிற நான் அந்த மதியம் மட்டும் பயப்படாமல் ஊசியோடு போய் நின்றேன். மகள் தூங்கும்போது பார்த்தால், அன்று கையை இழுத்துக்கொண்ட அவள் அம்மாவின் முகம்தான் இன்றைக்கும் எனக்கு முன்னால் வந்து நிற்கிறது.